தொல்நிலநடுக்க ஆய்வு

கருவிப் பதிவுகளுக்கு முந்திய பெரும் நிலநடுக்கங்களை மண்ணிலும் பவளத்திலும் எஞ்சிய தடயங்களால் அறிவது தொல்நிலநடுக்க ஆய்வு. நடுக்கத்தைப் பதியும் கருவிகள் உலகெங்கும் பரவி ஒன்றேகால் நூற்றாண்டளவே ஆகிறது. ஒரே இடத்தில் பெருநடுக்கம் மீண்டும் வரப் பல நூற்றாண்டுகள் பிடிக்கலாம்.

நிலப்பிளவின் குறுக்கே அகழி வெட்டி, முறிந்து நழுவிய மண்ணடுக்குகளை அளப்பதே பழகிய முறை. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் அதற்கு வேலையில்லை. பழம்பாறை மேல் அமர்ந்த இந்நிலம் புவித்தட்டின் விளிம்புக்கு வெகு தொலைவு. 2004 டிசம்பர் 26இல் வன்னியின் முல்லைத்தீவுக் கரையை அழித்த ஆழிப்பேரலையும், ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், சுமாத்திரா முதல் அந்தமான் வரை கடலடி சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்ததால் எழுந்தது. நடுக்கத்தின் அளவு 9.1.

கடலடிப் பிளவில் அகழி வெட்ட முடியாது. அலை கொண்டுவந்த மணலைத்தான் தேட வேண்டும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்று மணல்மேட்டின் பின்னால் கிடக்கும் களப்புகள் இதற்கு ஏற்றவை. ஆண்டாண்டாகச் சேறு படியும் அடியில் குழாயை இறக்கி எடுத்தால், கருஞ்சேற்றுக்கு நடுவே வெண்மணல் பட்டை தெரியலாம். அதில் கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் இருந்தால் மணல் கடலிலிருந்து வந்தது உறுதி. ஆனால் புயலும் மணலை அள்ளிவரும். 1964இல் வவுனியாப் பக்கமாக வன்னியைக் கடந்த சூறாவளியை முதியோர் மறக்கவில்லை. பட்டை உள்நோக்கி எவ்வளவு தூரம் செல்கிறது, அடியில் சேறு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றைப் பார்த்தே ஆய்வாளர் பிரித்தறிவர். எனினும் இந்தப் பிரித்தறிதலில்தான் வாதங்கள் மிகுதி. வயதைக் கணிக்க, அடுக்கில் சிக்கிய இலைகுச்சிகளுக்குக் கதிர்க்கரிம முறையும், மணல்மணி கடைசியாக வெயில் கண்ட காலத்தை அறிய ஒளியுமிழ்வு முறையும் உண்டு.

அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் கெல்லி ஜாக்சன் குழு இவ்வகையில் பல ஆயிரம் ஆண்டுகால அடுக்குகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் சி. பி. ராஜேந்திரன் குழு கண்ட கடல்மணல், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்திய, சோழர் காலத்து அலையின் தடயம் என்று 2011இல் முன்வைக்கப்பட்டது. தாய்லாந்தின் பிராதோங் தீவில் 2004 மணலுக்கு அடியில் இருந்த பட்டைக்கு வயது 550 முதல் 700 ஆண்டு. சுமாத்திராவை அடுத்த சிமியுலுவே தீவின் பவளங்கள் இன்னும் நுட்பமானவை: நிலம் உயர்ந்து நீருக்கு மேல் வந்த பகுதி இறந்துவிடும், ஆண்டு வளையங்கள் எண்ணத்தக்கவை. அவை 1394, 1450 ஆண்டுகளை ஒட்டி இரு பெருநடுக்கங்களைக் காட்டின.

மணல் எல்லாவற்றையும் சொல்லாது. 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபாரை உலுக்கிய நடுக்கத்தின் அலை, வங்கக்கடல் துறைமுகங்களின் ஓதமானிப் பதிவுகளில் ஒரு மீற்றருக்கும் குறைவாகவே எழுந்திருந்தது. அந்தத் தாள்களை வைத்து 2003இல் ஒர்ட்டிசும் பில்ஹமும் நடுக்கத்தின் அளவை 7.9 எனக் கணித்தனர். அத்தகைய சிற்றலை முல்லைத்தீவின் மணல்மேட்டைத் தாண்டிக் களப்புச் சேற்றில் அடுக்கு விட்டுப்போவது அரிது.