சயாமும் தலையெழுத்தும்

"சயாமுக்குப் போனார், திரும்பவில்லை." மலாயாத் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்களின் போர்க்கால வரலாறு இவ்வளவே. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் பணியாற்றும் நாமும் முதியோரிடம் கேட்டு வளர்ந்தது இதுவே. போர் என்றோ கொலை என்றோ அவர்கள் சொல்லார். "ஜப்பான்காரன் காலம்" என்பர். ஏன் போனார் என வினவின், "தலையெழுத்து" என்பர். எழுதிய தலையெழுத்துதானா அது?

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தம் படைக்குத் தளவாடம் அனுப்புவதற்காக, சயாமின் பான்போங் முதல் பர்மாவின் தான்பியூசயாத் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க முனைந்தனர். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் பசி புகுந்திருந்த வேளை அது. நல்ல கூலி என்று ஆசை காட்டினர். ஆள் போதாதபோது வளைத்துப் பிடித்தனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதற்குள் வாந்திபேதியும், மலேரியாவும், பட்டினியும், அடியும் சேர்ந்து நேச நாட்டுப் போர்க்கைதிகளில் சுமார் 12,000 பேரைப் பலிகொண்டன. ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுவர். அவருள் தமிழர் பல்லாயிரவர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்க்கோ காடே கல்லறை!

ஜப்பானியர் இவர்களை "ரோமுஷா" என்றனர். ஆங்கிலேயர் "கூலி" என்றனர். நமக்குக் கூலி என்பது உழைப்பின் ஊதியம். அவர்கள் ஏட்டிலோ அது உழைத்தவனின் பெயராயிற்று.

நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என இரண்டு கூறும். போனார், மாய்ந்தார் என்பன தன்வினை. போக்கினர், மாய்த்தனர் என்பன பிறவினை. துயருற்றோர் தன்வினையில் பேசினர். வாய்விட்டுச் சொன்னால் தாங்காத நெஞ்சுக்கு அச்சிறு சொல்லே போர்வை. அதை நாம் குறை கூறோம். ஆனால் வரலாறு எழுதுவோர்க்கு அப்போர்வை ஆகாது. தலையெழுத்து என்னும் சொல்லின் பின்னே ஆணையிட்டவன் ஒளிந்துகொள்கிறான். ஆள் கணக்கு எழுதியவனும் ஒளிந்துகொள்கிறான்.

அரை நாள் கூலியையும் செக்ரோலில் விடாது பதிகின்ற கிராணிமாரே! சயாமில் மாய்க்கப்பட்டோரின் பெயர் அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்கள் உள்ளபோதே கேட்டு, பிறவினையில் எழுதி வைப்போம்.