கதைசொல்லி: அத்திபெலே, மாலூர், ஒசூர் வட்டாரப் புனைகதையில்

கதைக்குள் நின்று கதையை எடுத்துச் சொல்பவர் கதைசொல்லி. எழுதியவரும் கதைசொல்லியும் ஒருவரே ஆக வேண்டியதில்லை. ஒரு பாத்திரம் வாசகருக்கு எவ்வளவு தெரிய வேண்டும், எந்தப் பக்கம் தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது பெரும்பாலும் கதைசொல்லியின் தேர்வுதான். இக்கட்டுரை கன்னடமும் தமிழும் சந்திக்கும் ஒரு சிறு நிலப்பரப்பில் அந்தத் தேர்வு கடந்து வந்த பாதையைக் கூறுகிறது.

அத்திபெலே, பெங்களூரு நகர மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த எல்லையோர ஊர். பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை இதைக் கடந்ததும் ஒசூருக்குள் நுழைந்துவிடும். வடகிழக்கே கோலார் மாவட்டத்து மாலூர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் வட்டாரம் இது. மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டமும் இங்கேதான் தொட்டுக்கொண்டிருந்தன. மாலூர்ப் பக்கம் கன்னடச் சிறுகதைக்கு மாஸ்தி வெங்கடேச ஐயங்காரைத் தந்தது. ஒசூர்ப் பக்கம் தொரப்பள்ளி கிராமம் ராஜாஜியைத் தந்தது. இருவரும் வீட்டில் பேசியது தமிழ். எழுதிய மொழிகள் வேறு. கதைசொல்லியைக் கையாண்ட விதமோ ஒன்றுக்கொன்று நேர்மாறு.

அச்சுக் கதைக்கு முன்பே இந்தப் பகுதி மக்கள் கதைசொல்லியை நேரில் பார்த்துப் பழகியவர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் பாத்திரத்தை அறிமுகப்படுத்துவான், கேள்வி கேட்பான், சபையோரிடம் திரும்பிக் கருத்தும் சொல்வான். கேட்ட கதையைச் சொல்கிறேன் என்று தொடங்கும் முறைக்குத் தமிழில் இன்னும் பழைய சான்று உண்டு. சிலப்பதிகாரப் பதிகத்தில் வேங்கை மரத்தடியில் நின்றவளைக் கண்ட குன்றக்குறவர் செய்தி சொல்ல, சாத்தனார் கண்ணகி வரலாற்றை இளங்கோவுக்கு எடுத்துரைக்கிறார்.

மாஸ்தி: கேட்டுச் சொல்பவர்

மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1891 ஜூன் 6 அன்று மாலூர் வட்டாரத்து ஹொங்கேனஹள்ளியில் தமிழ் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, மைசூர் அரசுப் பணியில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். எழுத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ஸ்ரீநிவாச’. 1920இல் வெளிவந்த ‘கெலவு சண்ண கதெகளு’ தொகுப்பு கன்னட நவீனச் சிறுகதைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

அவருடைய தொடக்கக் கதைகளில் ஒன்றான ‘ரங்கன மதுவெ’யை எடுத்துக்கொள்வோம். நடப்பது சிறிய விஷயம். ஊர்க் கணக்கரின் மகன் ரங்கன் பெங்களூரில் படித்துவிட்டு வருகிறான். ஆங்கிலப் படிப்பு அவனை மாற்றிவிட்டதா என்று பார்க்க ஊரே கூடுகிறது. ஒரு கிழவி அவன் மார்பைத் தடவிப் பூணூல் இருக்கிறதா என்று பார்க்கிறாள். கல்யாணம் பற்றி அவனுக்குப் புதுக் கொள்கை. பெண் வளர்ந்தவளாக இருக்க வேண்டும், தானே பார்த்துப் பிடித்துக் கட்ட வேண்டும் என்கிறான். கதைசொல்லி சியாமனுக்கு அவனைப் பிடித்துவிடுகிறது. ராமராயரின் உறவுப் பெண் ரத்னாவுக்கு அவனை முடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். அவள் பாடும் நேரத்தில் அவனை வரவழைக்கிறார். அவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று பொய் சொல்லி அவன் முகம் வாடுவதைக் கவனிக்கிறார். முன்கூட்டியே சொல்லிவைத்த சாஸ்திரியிடம் அழைத்துப் போகிறார். சாஸ்திரி சோழிகளை எண்ணி, கணக்குப் போட்டு, மனத்தில் இருப்பது ஒரு பெண் என்றும், கடலில் கிடைக்கும் ஒன்றின் பெயர் அவளுக்கு என்றும் சொல்கிறார்.

இந்தக் கதையில் ரங்கனின் மனம் எங்கும் நேராக விவரிக்கப்படவில்லை. சியாமன் கண்ணில் பட்டது மட்டுமே நமக்கு. பெண்ணின் பாட்டு சட்டென்று நின்றபோது வாசலில் நிற்பவனின் முகம், கல்யாணம் ஆனவள் என்று கேட்டதும் அவன் பேச்சில் விழும் தடுமாற்றம், சாஸ்திரியின் வாயில் பெயர் வந்ததும் எழும் வியப்பு. இவற்றை வைத்தே ரங்கன் முழு ஆளாகிறான். ஊர் வரைபடத்தில் இல்லாததையும் தன் ஊர் மாங்காயின் புளிப்பையும் பற்றிப் பேசிக்கொண்டே போகும் சியாமனும் ரங்கனுக்குச் சமமான பாத்திரமாகிவிடுகிறார். அவர் சொல்லும் பொய்களை வாசகர் அறிவார், ரங்கன் அறியான். கதையின் இழுவிசை முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தமிழில் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் ஒரு மரத்தைக் கதைசொல்லியாக்கியது. அது பார்க்கும், வருந்தும், தலையிட முடியாது. மாஸ்தியின் கதைசொல்லி தலையிடுகிறார், தான் செய்ததற்குப் பொறுப்பும் ஏற்கிறார். இது பெரிய வேறுபாடு.

‘மொசரின மங்கம்ம’வில் இந்த முறை இன்னும் ஆழமாகிறது. பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வாடிக்கையாகத் தயிர் கொண்டுவரும் மங்கம்மா, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தன் வீட்டுச் சண்டையைச் சொல்கிறாள். கேட்பவள் அந்த வீட்டு இல்லத்தரசி, அவளே கதைசொல்லி. மருமகள் பேரனை அடித்தாள், கேட்டதற்குச் சண்டை, மகன் பெண்டாட்டி பக்கம் பேசினான், தனிச் சமையல். சேர்த்த பணம் யாருக்கு என்று மங்கம்மா மக்மல் ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்கிறாள். அந்த ரவிக்கை ஒன்றே அவள் கோபத்தையும் தனிமையையும், வயதான பிறகும் தீராத ஆசையையும் சொல்லிவிடுகிறது. பிறகு மருமகள் நஞ்சம்மா அதே வீட்டுக்கு வந்து தன் தரப்பைச் சொல்கிறாள். அதுவும் நியாயமாகவே இருக்கிறது. ஒரே காதுக்கு இரண்டு வாக்குமூலம் வருகிறது, தீர்ப்பு எழுதப்படவில்லை. மாமியார், மருமகள் என்ற தேய்ந்த வார்ப்புகள் உடைந்து, ஒரே மகனைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ளப் போராடும் இரண்டு பெண்கள் தெரிகிறார்கள். கேட்பவர் அடக்கமாக இருந்தால் சொல்பவர் எவ்வளவு உயரத்துக்கு வர முடியும் என்பதற்கு இந்திய மொழிகளில் இதைவிடத் தெளிவான கதைகள் அதிகம் இல்லை.

குடகின் கடைசி அரசனைப் பற்றிய ‘சிக்கவீர ராஜேந்திர’ (1956) நாவலிலும் கொடியவன் என்று பெயரெடுத்த மன்னனை ராணி, மந்திரிகள், நொண்டிப் பசவன் ஆகியோரின் உறவுகள் வழியே அணுகுகிறார். இந்நாவலுக்காக 1983ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது. தமிழிலும் இது வந்துள்ளது. மாஸ்தி 1986இல், தம் பிறந்த நாளிலேயே காலமானார்.

ராஜாஜி: எடுத்துரைப்பவர்

1878இல் தொரப்பள்ளியில் பிறந்து, ஒசூரிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் படித்த ராஜாஜி, கதையை ஒரு வேலைக்காக எழுதினார். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ இதழை நடத்தியவர் அவர். அவர் கதைகளில் சொல்பவர் எல்லாம் அறிந்தவர். யார் தவறு, எது காரணம் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. ‘திக்கற்ற பார்வதி’யில் கள்ளும் கடனும் ஒரு உழவுக் குடும்பத்தை வரிசைக்கிரமமாக அழிக்கின்றன. பாத்திரங்கள் சாட்சிகளாக நிற்பதால் மங்கம்மாவின் ரவிக்கை போன்ற எதிர்பாராத விவரம் அரிது. ஆனால் கடன் ஏறும் விதம் பற்றிய அவருடைய பார்வை கூர்மையானது. நீதிமன்றம் கண்ட வழக்கறிஞரின் பார்வை அது. 1937இல் சென்னை மாகாண முதல்வரானதும் அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது, அன்று ஒசூரையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில். ‘திக்கற்ற பார்வதி’யை சிங்கீதம் சீனிவாச ராவ் 1974இல் திரைப்படமாக்கினார்.

உள்மனமும் கிளைக்கதையும்

அடுத்த தலைமுறையில் கேட்டுச் சொல்பவர் விலகிக்கொண்டார். யூ.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்கார’ (1965) பிராணேஷாச்சாரியரின் குழப்பத்துக்குள்ளேயே நடக்கிறது. எஸ்.எல். பைரப்பாவின் ‘பர்வ’ (1979) மகாபாரத மாந்தரை அவரவர் நினைவோட்டத்தின் வழியே பேசவிடுகிறது. கட்டியங்காரன் சொல்லிக் கேட்ட குந்தியும் திரௌபதியும் அங்கே தாமே நினைத்துப் பார்க்கிறார்கள். பெங்களூரில் வாழும் தமிழ் எழுத்தாளர் பாவண்ணன் இதை ‘பருவம்’ என்று மொழிபெயர்த்து சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றார். கன்னடத்தின் இந்த உத்திகள் தமிழ் வாசகருக்கு நேராகக் கிடைத்ததில் அவர் பங்கு மிகப் பெரியது.

ஒசூரில் வாழும் பா. வெங்கடேசன் வேறு வழியில் போனவர். ‘ராஜன் மகள்’ குறுநாவல்களிலும், ‘தாண்டவராயன் கதை’ (2008), ‘பாகீரதியின் மதியம்’ (2016) ஆகிய பெரும் நாவல்களிலும் ஒரு கதைக்குள் இன்னொரு கதை திறக்கிறது. வாக்கியமே பக்கக்கணக்கில் நீளும். இங்கே கதைசொல்லிகள் பலர், அவர்களில் எவரையும் முழுதாக நம்பிவிட முடியாது. பாத்திரம் என்பது நிலையான ஆள் என்ற நிலை மாறி, சொல்பவருக்குச் சொல்பவர் உருமாறும் ஒன்றாகிறது. மாஸ்தியிடம் கேட்பவர் ஒருவர், சொல்பவர் இருவர். வெங்கடேசனிடம் அந்த எண்ணிக்கை பெருகி, எந்தத் தரப்பை எங்கே வைப்பது என்ற பொறுப்பு வாசகரிடம் வந்து சேர்கிறது.