மன்னார்க் கடலும் மூச்சு மீட்கும் மருத்துவமும்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்போர்க்கு மூச்சே முதலாயிருந்தது. கல்லின்மேற் காலூன்றி ஆழத்தில் இறங்குவோன் ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி திரட்டுவான். அவன் கயிற்றை அசைத்ததும் தோணியில் நிற்போன் மேலே இழுத்தல் வேண்டும். அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே ஒப்புவிப்பர் என்பது தமிழ்க் கரையோரத்தில் வழங்கும் பேச்சு. உடன்பிறந்தாளின் தாலி தன் கையிலிருப்பதை அவன் மறவானன்றோ! 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன.

நீரில் மூழ்கினோரின் மூச்சை மீட்கும் முயற்சியிலிருந்தே இன்றைய உயிர்மீட்பு மருத்துவமும் வளர்ந்தது. மன்னார்க் கோட்டை 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் வசமிருந்தது. அக்காலத்தே, 1767இல், அவர்தம் ஆம்சுடர்டாம் நகரில் மூழ்கினோரை மீட்பதற்கென ஒரு சங்கம் தோன்றிற்று. வாயில் மூச்சை ஊதுக என்று அது கற்பித்தது. புகையிலைப் புகையைக் குடலிற் செலுத்துக என்றும் கற்பித்தது! பின்னர், 1960இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர், நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை வெளியிட்டனர்.

திடீரென நின்ற இதயத்திற்கென வந்த இம்முறை, மருத்துவமனைகளில் இறப்போர் எல்லோர்க்கும் உரியதாயிற்று. முதிர்ந்த புற்றுநோயால் உடல் முழுதும் தளர்ந்தவனும், நல்லுடலோடு நீரில் மூழ்கியவனும் ஒன்றாகக் கருதப்பட்டனர். இது பெரும்பிழை. 1974இல் அமெரிக்க மருத்துவர் வகுத்த நெறி, மீளாநோயின் எதிர்பார்த்த முடிவுக்கு இம்முறை உரியதன்று என்றது. ஹூஸ்டன் புற்றுநோய் மருத்துவமனையின் 2001ஆம் ஆண்டு ஆய்வும் அதற்குச் சான்று: படிப்படியாக நலிந்து இதயம் நின்றோர் 171 பேருக்கு இம்முயற்சி செய்யப்பட்டும், ஒருவரேனும் பிழைத்து வீடு திரும்பவில்லை. அழுத்துங்கால் விலா எலும்பு முறிதலோ பெருவழக்கு.

'உயிர்மீட்பு முயலற்க' என்னும் கட்டளை இவ்வாறு பிறந்தது. அது நோயாளியைக் கைவிடுதலன்று. வலிக்கு மோர்பினும் மூச்சுத்திணறலுக்கு ஆறுதலும் தொடர்ந்து அளிக்கப்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. இலங்கையும் 2019 முதல் 2023 வரையான காலத்திற்கு, நோய்த்துயர் தணிக்கும் பராமரிப்புக்கெனத் தேசியத் திட்டமொன்றை வகுத்தது.

எனினும் நம்மவர் இல்லங்களிற் பலகாலும் நோயின் பெயரே நோயாளிக்கு மறைக்கப்படுகின்றது. முடிவு மகன்மீதோ மைத்துனன்மீதோ விழுகின்றது. கடலிற் கயிற்றை அசைப்பவன் குளிப்பவனே. இங்கோ அவனை எவரும் கேட்பதில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாதவிடத்து, அவனை முன்பின் அறியாத இரவு மருத்துவர் நெஞ்சை அழுத்தத் தொடங்குவார். உறவினர் திரைக்கு வெளியே நிறுத்தப்படுவர்.