பாற்பல்லும் தகரக் கூரையும்

மனிதனுக்குப் பற்கள் இருமுறை முளைக்கின்றன. அதனால் வடமொழியார் பல்லுக்குத் 'துவிஜம்' என்றொரு பெயர் வைத்தனர். இருபிறப்புடையது என்பது அதன் பொருள். பறவைக்கும் பார்ப்பனருக்கும் அப்பெயரே வழங்கிற்று. பூணூல் எதுவுமின்றி, ஆறாம் வயதில், எல்லாச் சாதிக் குழந்தைகளின் வாயிலும் இந்த இரண்டாம் பிறப்பு நடந்து விடுகிறது என்பதைப் பெயரிட்டவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, நாம் கவனிக்கலாம்.

ஆனால் குழந்தைக்கு அது பிறப்பாகத் தோன்றுவதில்லை. தன் உடம்பில் ஒரு துண்டு கழன்று இரத்தத்தோடு உள்ளங்கையில் விழுகிறது. முன்கூட்டி எவரும் ஒன்றும் சொல்லாத பிள்ளை அஞ்சாமல் என்ன செய்யும்? பேராவில் ரப்பர் தோட்டங்கள் தழைத்திருந்த நாட்களில், பொழுது புலருமுன் பெரட்டுக்குப் போன தாய், மரம் வெட்டிப் பாலெடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, உச்சிப்பொழுது கழிந்தே லயத்துக்குத் திரும்புவாள். பிள்ளை ஆயாக் கொட்டகையிலோ பாடசாலையிலோ இருக்கும். ஆடுகின்ற பல் தாய் வரும்வரை காத்திருப்பதில்லையே! ஆகவே பல் விழுந்த வேளையில் பக்கத்திலிருந்தவர் சொன்னதே அப்பிள்ளைக்கு வேதமாயிற்று.

அவர்கள் சொன்னவற்றுள் நல்லதும் உண்டு. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறி, புதுப்பல் வரும் என்பது நம்மவர் கடல் கடந்து கொண்டுவந்த பழக்கம். இலங்கையில் அணிலை அழைத்துப் பல்லைக் கொடுப்பார்கள். அத்தாப்புக் கூரையில் எறிந்த பல் அங்கேயே தங்கிற்று. தகரக் கூரை வந்த பின்னரோ, அது கடகடவென்று உருண்டு வாசலுக்கே திரும்பியது. பிள்ளை சிரித்துக்கொண்டே மறுபடியும் எறிந்தது. ஈப்போவில் நம் அண்டை வீட்டுச் சீனரும் கீழ்ப்பல்லைக் கூரைக்கும் மேற்பல்லைக் கட்டிலடிக்கும் அனுப்பும் வழக்கமுடையவர்களே. ஸ்பெயின் தேசத்தில் பிறந்த அன்றே அரசனான பதின்மூன்றாம் அல்போன்சோவுக்கு எட்டு வயதில் பல் விழுந்தபோது, 1894இல், அரண்மனையார் லூயிஸ் கொலோமா என்ற பாதிரியாரைக் கொண்டு பல் வாங்கிப் போகும் எலியின் கதையொன்றை எழுதுவித்தனர். அரசனுக்கு ஒரு பாதிரியார் வேண்டியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தகரக் கூரை போதுமாயிருந்தது. இருவர் அச்சமும் ஒன்றே.

இவ்விளையாட்டை மூடநம்பிக்கை என்று நாம் தள்ள மாட்டோம். இழந்த பொருளை இழவாக்காமல் கொடுக்கல் வாங்கலாக்கிக் காட்டும் உபாயம் அது. தள்ள வேண்டியவை வேறு. மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று பச்சைக் குழந்தையின் தலையில் பழி சுமத்துவது ஒன்று. மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது மற்றொன்று. கண்ணின் பார்வை நரம்பு நேரே மூளைக்குச் செல்கிறது. பல்லின் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு வேறு. இதையறியாமல், சீழ் பிடித்த பல்லை வாயில் வைத்துக்கொண்டு கன்னம் வீங்கித் துடித்தவர் எத்தனை பேர்!

பல் விழுந்த வாயை வேறு கண்ணோடு பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளை நெசவாலைகளில் வைத்து வேலை வாங்கலாகாது என்றது. பட்டாலைகளுக்கு மட்டும் விலக்களித்தது. பிறப்புச் சீட்டு இல்லாத காலம். கூலி வேண்டிய பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள், முதலாளியும் மறுக்கவில்லை. அப்போது எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர், உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நம்பத்தக்க சாட்சி என்று 1837இல் எழுதி வெளியிட்டார். இந்தியாவிலோ 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுப் பிள்ளையையே ஆலைக்குள் விட்டது. முன்பல் விழுந்து பொக்கை வாயோடு நிற்கும் பருவம் அது! மலாய் நாட்டில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அதே ஏழு வயதை வேறு வாசலில் கொண்டுபோய் நிறுத்திற்று. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்டம் பாடசாலை வைக்க வேண்டும் என்றது. அப்பாடசாலைகள் பல ஒற்றை ஆசிரியர் கொட்டகைகளாகவே இருந்தன என்பதும், பாடம் முடிந்த பிள்ளை புல் வெட்டப் போனதும் நம் முதியோர் அறிந்த சரித்திரம்.

பல்லைப் பிள்ளையின் நலத்துக்காகவே பார்க்கும் கண் பிந்தி வந்தது. முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்தில் சேர வந்தவர்களின் சொத்தைப் பற்களைக் கண்டு திகைத்த நியூசிலாந்து, 1921இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பல் தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. அம்முறையைத் தழுவி 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அங்கே கற்றவர்கள் நம் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தார்கள். நியூசிலாந்துப் பிள்ளைகள் அந்தப் பல் நிலையங்களுக்குக் 'கொலைக்கூடம்' என்று பெயரிட்டிருந்தனர். காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவியைக் கண்ட பிள்ளை வேறென்ன பெயர் வைக்கும்? உதவிக்கென வந்தவரும் முன்னறிவிப்பின்றி வந்தால் பிள்ளைக்குப் பகைவரே.

ஆகையால், பல் ஆடத் தொடங்கும் முன்பே பிள்ளையிடம் பேசிவிட வேண்டும். ஐந்து வயது கடந்ததும் கண்ணாடி முன் நிறுத்தி, இந்தப் பற்கள் இருபதும் ஒவ்வொன்றாக விழும், கீழ் நடுப்பல் பெரும்பாலும் முதலில் விழும், கொஞ்சம் இரத்தம் வரும், சுத்தமான துணியைக் கடித்துக்கொண்டால் நிற்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அடியில் புதுப்பல் வளர வளரப் பழைய பல்லின் வேர் கரைந்து போகிறது. அதனால்தான் அது தானே கழல்கிறது. நூல் கட்டி இழுப்பானேன்?

பெற்றோருக்கும் ஒரு சேதி உண்டு. 'விழப்போகிற பல்தானே' என்ற பேச்சு நாம் கேட்டவற்றிலெல்லாம் அதிக நஷ்டம் விளைத்தது. பால்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்து புதியவற்றுக்கு இடம் காப்பவை. சொத்தையால் அவற்றை முன்னமே இழந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து வழியை மறிக்கும். மேலும் ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, பின்கோடியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது பாற்பல் அன்று. போனால் மறுபடி முளைக்காது. பலர் அதையும் விழப்போகும் பல்லென்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள்.

இன்று பேராவின் ரப்பர் தோட்டங்கள் பல, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு ஈப்போவின் அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்துக்கு எறிவதற்குக் கூரையில்லை. 1908இல் சிகாகோ பத்திரிகையொன்றில் தலைகாட்டிய பல் தேவதை, தலையணைக்கடியில் ஒரு வெள்ளி வைத்துவிட்டுப் போகிறாள். பாட்டிமார் சிலர் மட்டும் அதற்கு இணங்காமல், பேரப்பிள்ளையைக் கீழே அழைத்துப்போய், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் தகரத்தின்மேல் எறியச் சொல்கிறார்கள்.