கருகிய காயில்களின் வரலாறு

கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் போய்விட்டால் மாற்று தேடுகிறவர் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: எத்தனை அங்குலம், எத்தனை ஓம்ஸ், எத்தனை வாட்ஸ். இம்மூன்றும் பொருந்தினால் போதும், கைக்கு அடக்கமான விலையில் உள்ளவற்றில் தரமானதைப் பார்த்து மாட்டிவிடலாம் என்பது பொதுவான எண்ணம். வானொலிப் பெட்டிக்கு இந்த எண்ணம் சரி. அங்கே ஸ்பீக்கரின் வேலை வந்ததை வந்தபடி ஒப்பிப்பது. மின் கிட்டாரின் வரலாறு சொல்வது வேறு. அங்கே ஸ்பீக்கர் வாத்தியத்தின் ஓர் உறுப்பு. அதை மாற்றியபோதெல்லாம் வாத்தியமே மாறியிருக்கிறது. மாற்றியவர்களில் பலர் புதிய நாதம் வேண்டும் என்று மாற்றவும் இல்லை. காயில் கருகியது, காந்தத்தின் விலை ஏறியது, வழக்கமான சரக்கு வரவில்லை, அதனால் மாற்றினார்கள். இன்று நாம் மின் கிட்டாரின் இயல்பான ஒலி என்று நினைப்பதில் பெரும்பங்கு இப்படி வந்து சேர்ந்ததுதான்.

தொடக்கமே இரவல். காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) ஒரு காகிதக் கூம்பை அசைக்கும் அமைப்பை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸும் கெல்லாக்கும் 1925இல் உலகுக்குக் காட்டினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அது வானொலிப் பெட்டிகளில் குடியேறியது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ஆம்ப் செய்ய இறங்கிய லியோ ஃபெண்டர் தானே ஸ்பீக்கர் செய்யவில்லை; சிகாகோவின் ஜென்சன் நிறுவனத்திடம் வாங்கினார். 1950களின் நடுவில் அவருடைய பாஸ்மேன் ஆம்பில் நான்கு ஜென்சன் பி10ஆர் ஸ்பீக்கர்கள் இருந்தன. 'பி' என்றால் நிலைக்காந்தம், 10 என்பது அங்குலம், 'ஆர்' என்பது வரிசையில் அதன் தரம். மேல்தட்டுத் தரமும் அல்ல. மெல்லிய காகிதக் கூம்பு 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். இசைத்தட்டு கேட்பவருக்கு அது குறை. ஆனால் வால்வு ஆம்பைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கும்போது காதைக் கீறும் மேல்சுரங்கள் கொத்தாகக் கிளம்பும். அவற்றை வடிகட்டியது இந்தக் குறைதான். போதாக்குறைக்கு, அழுத்தி வாசித்தால் கூம்பு ஒரே துண்டாக அசையாமல் பகுதி பகுதியாக அதிர்ந்து தன் பங்குக்குச் சில சுரங்களைச் சேர்த்தது. பாஸ் கிட்டாருக்கென்று செய்த அந்த ஆம்பை கிட்டார்காரர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். அவர்களை ஈர்த்ததில் துல்லியத்துக்குப் பங்கில்லை.

ஸ்பீக்கரே வாத்தியம் என்பதற்கு முரட்டுச் சான்றுகள் பழைய பதிவுகளிலேயே இருக்கின்றன. 1951இல் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில் பதிவான 'ராக்கெட் 88' பாட்டில் வில்லி கைசார்ட்டின் ஆம்ப் வழியிலேயே அடிபட்டிருந்தது. உள்ளே காகிதத்தைத் திணித்து, அந்த உறுமலோடேயே பதிவு செய்தார்கள். 1958இல் 'ரம்பிள்' வாசித்த லிங்க் ரே கூம்பில் பென்சிலால் துளையிட்டார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சிறிய ஆம்பின் கூம்பை பிளேடால் கீறினார். இவை விதிவிலக்குகள், பழுதான ஸ்பீக்கரை வைத்து நல்ல ஸ்பீக்கரைப் பற்றி முடிவு சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவே உடையாத, புதிய ஸ்பீக்கர்களை மாட்டியபோது என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு லண்டனைப் போல வேறு இடமில்லை. ஹான்வெல் பகுதியில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்க ஆம்புகள் அரிதாகவும் விலை கூடியும் கிடைத்த 1960களின் தொடக்கத்தில், தன் பட்டறையாட்களோடு ஃபெண்டர் பாஸ்மேனின் மின்சுற்றை ஏறத்தாழ அப்படியே நகலெடுத்தார். அதுவே ஜேடிஎம்45. ஆனால் ஸ்பீக்கர் உள்ளூர்ச் சரக்கு: செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் 15, 20 வாட்ஸ்தான் தாங்கும். இரண்டு போட்டால் கருகின. நான்காக்கி, பின்பக்கம் மூடிய ஒரே பெட்டியில் வைத்தார். திறந்த முதுகுள்ள பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன்களோடு பாஸ்மேன் தந்த ஒலி வேறு; மூடிய பெட்டியின் செலஸ்டியன்கள் தந்த தடித்த, நெஞ்சில் முட்டும் ஒலி வேறு. வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும்கூட மாறினவே, பழியையோ புகழையோ ஸ்பீக்கர் மேல் மட்டும் எப்படிப் போடுவது என்று கேட்பவர்கள் உண்டு. அவையும் மாறின, அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே மார்ஷல் ஆம்பைத் திறந்த முதுகுள்ள ஜென்சன் பெட்டியோடு இணைத்துப் பார்த்தால் எதன் பங்கு எவ்வளவு என்பது முதல் கார்டிலேயே தெரிந்துவிடும். வால்வை மாற்றினால் கூர்ந்து கேட்பவருக்குத்தான் தெரியும். ஸ்பீக்கரை மாற்றினால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் கருகல் எதிர்த்திசையில் தள்ளியது. கடலோர நடன அரங்குகளில் காது கிழிய வாசித்த கிட்டார்காரர் டிக் டேல் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்பீக்கர்களைப் பொசுக்க, லியோ ஃபெண்டர் ஜேபிஎல் நிறுவனத்தின் டி130 ஸ்பீக்கரை நாடினார். 15 அங்குலக் கூம்பு, 4 அங்குல வாய்ஸ் காயில், நடுவில் அலுமினியக் குமிழ். ஃபெண்டரின் ஷோமேன் ஆம்பில் அது கருகவில்லை. அதோடு உடைந்தும் ஒலிக்கவில்லை. சர்ஃப் இசையின் பளிச்சென்ற நாதத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. பழையது 15 வாட்ஸ் என்றால் 60 வாட்ஸ் போட்டால் பாதுகாப்பு, வேறெதுவும் மாறாது என்று நினைப்பவர் இங்கே சற்று நிற்க வேண்டும். பாதுகாப்பு உண்மைதான். ஆனால் எளிதில் களைக்காத ஸ்பீக்கர் எளிதில் கரகரக்கவும் செய்யாது. மாறாக, வாக்ஸ் ஏசி30 ஆம்பில் 15 வாட்ஸ் தாங்கும் இரண்டு செலஸ்டியன் 'புளூ' ஸ்பீக்கர்களை வைத்து 30 வாட்ஸைத் தள்ளினார்கள். விளிம்பில் நின்றதுதான் அந்த ஒலியின் அழகு, அடிக்கடி கருகியது அதன் விலை.

மூன்றாவது காரணம் காந்தம். தொடக்க கால நல்ல ஸ்பீக்கர்களில் இருந்தது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிக்கோ. 1960களில் மலிவான செராமிக் காந்தம் வந்தது; பச்சை பிளாஸ்டிக் மூடியால் 'கிரீன்பேக்' என்று பெயர் பெற்ற செலஸ்டியன் ஜி12எம் அப்படிப் பிறந்ததே. 1978இல் அன்றைய ஜயர் நாட்டில், கோபால்ட் சுரங்கங்கள் உள்ள ஷாபா மாகாணத்தில் கலகம் வெடித்து கோபால்ட் விலை எகிற, அதுவரை அல்நிக்கோவை விடாதவர்களும் விட்டார்கள். 1986இல் செலஸ்டியன், பழைய புளூவின் குணத்தை செராமிக் காந்தத்தில் கொண்டுவர முயன்று 'வின்டேஜ் 30' என்ற ஸ்பீக்கரை வெளியிட்டது. பெயரில் 30 இருந்தாலும் தாங்குவது 60 வாட்ஸ். அது புளூவாகவில்லை, ஹார்டு ராக்குக்கும் மெட்டலுக்கும் தனியொரு குரலாகிவிட்டது. செய்தவர்களே, தங்கள் தொழிற்சாலையிலேயே, பழையதை அப்படியே திரும்பச் செய்ய முடியவில்லை என்றால், மாற்று ஸ்பீக்கர் 'அதே மாதிரி' இருக்கும் என்ற விளம்பரத்தை எவ்வளவு நம்பலாம்?

அப்படியானால் ஆம்ப் பிறந்தபோது இருந்த அசலையே தேடிப்பிடித்து மாட்டுவதுதானே நியாயம் என்பது வலுவான மறுப்பு. பழைய அமெரிக்க ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் எண் இதற்குப் பதில் சொல்லும். 220632 என்றிருந்தால் 220 ஜென்சன். 6 என்பது 1956 அல்லது 1966. 32 அந்த ஆண்டின் வாரம். 465 ஆக்ஸ்ஃபோர்ட், 137 சிடிஎஸ், 328 யூட்டா. 1960களின் ஃபெண்டர் ஆம்புகளைத் திறந்தால், ஒரே மாடலில்கூட ஒன்றில் ஒருவர் செய்ததும் இன்னொன்றில் வேறொருவர் செய்ததும் இருக்கும். அந்த வாரம் கிடங்கில் எது இருந்ததோ அது. தொழிற்சாலைக்கே ஒரே அசல் இருக்கவில்லை. மேலும், ஐம்பது ஆண்டு அதிர்ந்து தளர்ந்த கூம்பின் ஒலி அது புதிதாக வந்த நாளின் ஒலியும் அல்ல.

இந்த வரலாற்றிலிருந்து வாங்குகிறவருக்குக் கிடைப்பது சில தெளிவான விதிகள். ஓம்ஸில் சமரசம் கூடாது. வால்வு ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் ரசனை பார்ப்பதில்லை. வாட்ஸில் கீழெல்லை மட்டும் கட்டாயம். அதற்கு மேல் எவ்வளவு என்பது, ஒலி எப்போது கரகரக்கத் தொடங்க வேண்டும் என்ற விருப்பத்தைப் பொறுத்தது. பலரும் பார்க்காமல் விடுவது உணர்திறன். 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் புளூவைப் போட்டால், அந்த 3 டெசிபல் ஆம்பின் வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். சின்ன அறையில் வாசிப்பவர் இதற்காகக் காசு கொடுத்துவிட்டுப் பிறகு வால்யூமைத் திருகவே முடியாமல் தவிப்பார். அவருக்கு உணர்திறன் குறைந்ததே லாபம்.

ஆம்ப்பே இல்லாமல் கணினியில் வாசிக்கும் காலத்தில் இதெல்லாம் பழங்கதை என்பது கடைசி மறுப்பு. ஆனால் அந்த மென்பொருள்களும் முக்கியமாகச் செய்வது அளந்து வைத்த ஒரு ஸ்பீக்கரின் அதிர்வு வழியே கிட்டாரை வடிகட்டுவதைத்தான். செலஸ்டியனே தன் ஸ்பீக்கர்களை இப்படிக் கோப்புகளாக விற்கிறது. பெட்டி, காந்தம், காகிதம் எல்லாவற்றையும் விட முடிந்த தொழில்நுட்பத்தால் அவற்றின் குறைகளை விட முடியவில்லை. விட்டால் மின் கிட்டார் கொசு ரீங்காரமாகிவிடுகிறது. ஆகவே மாற்று ஸ்பீக்கர் வாங்கும்போது எது சிறந்தது என்பது உதவாத கேள்வி. எந்த இடத்தில், எந்த அளவில், எப்படித் தோற்கும் ஸ்பீக்கர் நம் வாசிப்புக்கு வேண்டும் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.