அன்பின் பெயரால் வந்த கடிதம்

திருச்சபை மாபெரும் யூபிலியைக் கொண்டாடிய 2000ஆம் ஆண்டின் பாஸ்காக் காலம் அது. மே 4ஆம் நாள், வியாழக்கிழமை. ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் புறப்பட்டது. ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்பது ஆங்கிலத்தில் அதன் தலைப்பு. உடன் வரும் காதல் கடிதத்தைத் திறந்து பார்க்கும்படி ஒரு வரி வேண்டுகோள். அதன்கீழ் ஓர் இணைப்பு. கிழக்கே தொடங்கி, கதிரவன் செல்லும் வழியே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அலுவலகங்கள் திறக்கத் திறக்க, அந்தக் கடிதமும் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை தன் மின்னஞ்சல் அமைப்பையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமாகிய பெண்டகனும் தப்பவில்லை. சில நாள்களுக்குள் பாதிக்கப்பட்ட கணிப்பொறிகள் கோடிக்கணக்கில் இருக்கும் என்றும், இழப்பு பல நூறு கோடி டாலர் என்றும் மதிப்பிட்டனர்.

கணிப்பொறியின் வரலாற்றில் ‘லவ் பக்’ என்று பெயர் பெற்றுவிட்ட இந்நிகழ்ச்சி, வீட்டில் கணிப்பொறியும் கையில் கைப்பேசியும் வைத்திருக்கும் நமக்கு இன்றும் பாடம் சொல்லும் தகுதி உடையது. அந்தக் கடிதம் எவர் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. கதவைத் தட்டியது, வீட்டார் தாமே திறந்தனர். ஏன் திறந்தனர் என்று எண்ணிப் பார்ப்பது நலம் பயக்கும்.

முதற்காரணம், அனுப்பியவர் பெயர். முந்திய ஆண்டு, 1999 மார்ச் 26 அன்று, ‘மெலிஸா’ என்னும் வைரஸ் ஒன்று பரவியது. ஒருவருடைய கணிப்பொறியில் நுழைந்ததும், அவருடைய மின்னஞ்சல் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்கு அவர் பெயராலேயே அது தன்னை அனுப்பிக்கொண்டது. லவ் பக்கோ பட்டியலில் இருந்த அனைவருக்குமே சென்றது. ஆகவே பெறுவோரின் கண்ணில் பட்டது அறிமுகமற்ற ஒருவர் பெயரன்று. உடன் பணிபுரிபவர், உறவினர், பழைய நண்பர் ஆகியோரின் பெயரே. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த நட்பு, ஒரு நொடியில் நஞ்சு செல்லும் வழியாயிற்று.

இரண்டாம் காரணம், இணைப்பின் பெயர். ஒரு கோப்பு எத்தகையது என்பதை அதன் பெயருக்குப் பின் வரும் சில எழுத்துகள் உணர்த்தும். ‘டி.எக்ஸ்.டி.’ என்று முடிந்தால் அது வெறும் எழுத்து, படிக்கலாம், தீங்கில்லை. ‘வி.பி.எஸ்.’ என்று முடிந்தால் அது கட்டளைத் தொகுப்பு, திறந்தவுடன் இயங்கும். லவ் பக்கின் இணைப்பில் இவ்விரண்டும் அடுத்தடுத்து இருந்தன. ஆனால் விண்டோஸ் இயங்குதளம், தான் அறிந்த கோப்பு வகைகளின் கடைசி எழுத்துகளை மறைத்தே காட்டும் வழக்கம் உடையது. பார்ப்பவர் மனத்தைக் குழப்ப வேண்டாம் என்னும் நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. அதனால் ‘வி.பி.எஸ்.’ மறைந்தது, தீங்கற்ற ‘டி.எக்ஸ்.டி.’ மட்டும் தெரிந்தது.

திறந்த கணிப்பொறிகளில் படக்கோப்புகள் பல அழிந்தன. அவை இருந்த இடத்தில் அந்த நிரலின் பிரதியே எழுதப்பட்டது. வேறு பிரதி எடுத்துவைக்காத குடும்பங்கள் தங்கள் புகைப்படங்களை இழந்தன. இதற்கும் மேலாக, கடவுச்சொற்களைத் திருடி அனுப்பும் மற்றொரு நிரலை இணையத்திலிருந்து வரவழைக்கவும் அது முயன்றது. அதன் உண்மையான நோக்கம் இங்கேதான் இருந்தது.

அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே, கட்டணம் செலுத்தியே இணையத்தை அடைய முடியும். பிறருடைய கடவுச்சொல் கிடைத்தால், அவர் செலவில் நாம் உலவலாம். மணிலாவின் கணிப்பொறிக் கல்லூரி ஒன்றில் பயின்ற ஓனல் டி குஸ்மான் என்னும் இளைஞர், இவ்வாறு கடவுச்சொற்களைக் கவரும் நிரலொன்றையே தம் பட்ட ஆய்வுக்குப் பொருளாக முன்மொழிந்திருந்தார். ஏழைகளும் இணையத்தைப் பெற வேண்டும் என்பது அவர் வாதம். கல்லூரி அதனை ஏற்க மறுத்தது.

காவல் துறையினர் அவரைத் தேடி வந்தபோது வியப்பான ஒன்று வெளிப்பட்டது. கணிப்பொறி வழியே செய்யும் இத்தகைய தீங்கைக் குற்றமெனக் கூறும் சட்டமே அந்நாட்டில் இல்லை! கடனட்டை மோசடிக்கான சட்டத்தைப் பொருத்திப் பார்த்தனர், பொருந்தவில்லை. 2000 ஜூன் 14 அன்று பிலிப்பைன்ஸ் புதிய சட்டம் இயற்றியது. ஆயினும் முன்னர் நிகழ்ந்ததற்குப் பின்னர் வந்த சட்டம் செல்லாது. ஆகஸ்டு மாதம் வழக்குக் கைவிடப்பட்டது. நம் நாட்டு நிலையும் வேறாக இல்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு ஜூன் 9 அன்றுதான் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இல்லையெனில் குற்றமும் இல்லையோ? நீதிமன்றத்திற்கு அது போதுமான விடையாகலாம், மனச்சான்றுக்குப் போதாது. எழுதப்பட்ட சட்டம் இல்லாதோர் உள்ளத்திலும் ஒரு சட்டம் எழுதப்பட்டிருப்பதை உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் எடுத்துரைக்கிறார். வறியோர்க்கு இணையம் எட்டவில்லை என்பது நியாயமான குறை. ஆயினும் நல்ல நோக்கம் தீய வழியை நல்லதாக்குவதில்லை என்பது நம் அறநெறி இறையியலின் பாலபாடம். 2000ஆம் ஆண்டில் செய்தியாளர் முன் கைக்குட்டையால் முகத்தை மறைத்து அமர்ந்து, நிரல் தவறுதலாக வெளியேறியிருக்கக்கூடும் என்ற அளவில் நின்ற அந்த இளைஞர், இருபது ஆண்டுகள் கழித்து, மணிலாவில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடையில் தம்மைத் தேடி வந்த பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஒருவரிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். அன்புக்காக ஏங்குவோர் பலர் என்பதால்தான் அந்தத் தலைப்பைத் தேர்ந்ததாகவும் சொன்னார். எந்த நீதிமன்றமும் கேளாத ஒப்புதல் அது.

கருவி செய்தோர்க்கும் பொறுப்பு உண்டு. வசதியை முன்னும் பாதுகாப்பைப் பின்னும் வைத்ததன் விலையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உணர்ந்தது. ஆபத்தான இணைப்புகளைத் தடுக்கும் திருத்தத்தைச் சில வாரங்களுக்குள் வெளியிட்டது. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் ஊழியர்க்கு எழுதிய மடலில், புதிய வசதியா பாதுகாப்பா என்ற நிலை வந்தால் பாதுகாப்பையே தேர்ந்திட வேண்டும் என வலியுறுத்தினார். 2004இல் வீட்டுக் கணிப்பொறிகளுக்குத் தடுப்பரண் தானாகவே இயங்கும்படி அமைந்தது. லவ் பக் எழுதப்பட்ட அந்த நிரல்மொழியையே படிப்படியாகக் கைவிடப்போவதாக 2023இல் அந்நிறுவனம் அறிவித்தது.

இத்தனை அரண்கள் எழுந்த பின்னும் ஏமாற்று ஓயவில்லை, வழியை மாற்றிக்கொண்டது. இன்று அது வங்கி அலுவலர் குரலில் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறது. காவல் அதிகாரி உடையில் காணொளியில் தோன்றி அச்சுறுத்துகிறது. வெளிநாட்டிலுள்ள மகனின் குரலையே செயற்கையாகப் படைத்து, அவசரமாகப் பணம் வேண்டும் என அழுகிறது. எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது 2000ஆம் ஆண்டின் அதே தந்திரம்: நாம் நம்பும் ஒருவர் பெயர், நம் நெஞ்சைத் தொடும் ஒரு சொல், எண்ணிப் பார்க்க இடமளியாத அவசரம்.

புனித தோமா அக்குவினார் முன்மதி என்னும் தலையாய நற்பண்பை எட்டுக் கூறுகளாகப் பகுத்து, அவற்றுள் இறுதியாக எச்சரிக்கையை வைக்கிறார். தீமை பலவேளை நன்மையின் தோற்றத்தில் வருவதால் எச்சரிக்கை தேவை என்பது அவர் கூறும் காரணம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய அந்தத் துறவி, ‘டி.எக்ஸ்.டி.’ என்னும் போர்வைக்குள் மறைந்த ‘வி.பி.எஸ்.’ஸைப் பற்றியே எழுதியது போல் தோன்றுகிறதன்றோ! எச்சரிக்கை அன்புக்குப் பகையன்று, முன்மதியின் பிள்ளை. மகன் பெயரால் பணம் கேட்டு அழைப்பு வந்தால், அதைத் துண்டித்துவிட்டு, நாமறிந்த அவனுடைய எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்பது அவனை ஐயுறுவதாகாது. அவன் பெயரைத் திருடியவனிடமிருந்து அவனைக் காப்பதாகும்.

மற்றொன்றையும் நம் இல்லங்களில் சொல்லிவைத்தல் வேண்டும். ஏமாந்தவர் பாவியல்லர். பணம் இழந்த முதியோர் பலர், பிள்ளைகள் ஏசுவார்களோ என்றஞ்சி வாய் திறவாதிருக்கின்றனர். அந்த மௌனமே திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். அரசின் 1930 என்னும் உதவி எண்ணை உடனே அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்தவும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஏமாந்து நிற்பவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது ‘ஏன் திறந்தாய்?’ என்பதன்று, ‘எப்போது நடந்தது? வா, இப்போதே அழைப்போம்’ என்பதே.

அன்பின் பெயரைக் களவாடி அனுப்பப்பட்ட ஒரு கடிதம், உலகின் கணிப்பொறிகளைக் கலங்கச் செய்தது. அந்தப் பெயர் பொய்யன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு, வீடுதோறும் இன்னும் நம் கைகளிலேயே இருக்கிறது.