அல்கலி: சாம்பலில் இருந்து வந்த சொல்

மீலாத் மேடைகளிலும் பாடசாலைக் கண்காட்சிகளிலும் அடிக்கடி கேட்கிற ஒரு வாசகம் உண்டு. சல்பூரிக்கமிலம், நைத்திரிக்கமிலம், ஐதரோகுளோரிக்கமிலம் ஆகிய மூன்றையும் கண்டுபிடித்தவர் ஜாபிர் இப்னு ஹையான் என்பதே அது. பிள்ளைகளும் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஈமானில் குறை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் போலும்.

நைத்திரிக்கமிலம் செய்யும் முறை தெளிவாகக் கிடைப்பது, 'கெபர்' என்ற பெயரோடு கி.பி. 1300ஐ ஒட்டி ஐரோப்பாவில் புழங்கிய லத்தீன் நூலொன்றில். துத்தம், வெடியுப்பு, படிகாரம் மூன்றையும் சேர்த்துச் சூடாக்கி வடித்தால் அமிலம் இறங்கும். அதில் நவச்சாரத்தைக் கரைத்தால் தங்கத்தையே கரைக்கும் திராவகம் வரும். கெபர் என்பது ஜாபிரின் லத்தீன் உருவந்தான். ஆனால் அந்த நூல்களுக்கு அரபு மூலம் கிடைக்கவில்லை. பிரெஞ்சு இரசாயனவியலாளர் பெர்த்தெலோ 1893இல் இதை எடுத்துக்காட்டினார். அரபுச் சுவடிகளில் இதற்கு முந்திய அமிலக் குறிப்புகள் இருக்கின்றன என்று அஹ்மத் யூசுப் அல்ஹஸன் வாதாடியிருக்கிறார். வாதம் இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கில் நாம் தீர்ப்பை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

ஜாபிரைப் பற்றிய சந்தேகம் மேற்கத்தையர் கிளப்பியது என்று சொல்வாரும் உண்டு. அதுவும் சரியில்லை. 987இல் 'அல்பிஹ்ரிஸ்த்' தொகுத்த பக்தாத் புத்தக வியாபாரி இப்னுந் நதீம், அப்படியொரு மனிதர் இருந்ததே இல்லை என்று அக்காலத்து அறிஞர் சிலர் சொன்னதைப் பதிவுசெய்கிறார். ஒருவன் இவ்வளவு பாடுபட்டு எழுதிவிட்டு இன்னொருவன் பெயரைப் போடுவானா என்று கேட்டு, அவரே அதை மறுக்கவும் செய்கிறார். பிற்காலத்தில் பவுல் கிரவுஸ் 1942-43இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நூல்கள் பல கைகள் எழுதியவை என்றார். புவாத் செஸ்கின் அதை ஏற்கவில்லை. நம் முன்னோர் தமக்குள்ளேயே இதை விசாரித்தார்கள் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லையே, அதுதான் எனக்கு வருத்தம்.

அமிலத்தை ஒருபுறம் வைப்போம். காரத்தின் பக்கம் வந்தால் நிலைமை வேறு. இங்கே சாட்சி சொல்லிலேயே இருக்கிறது. உவர் நிலத்தில் வளரும் சில செடிகளை எரித்தெடுத்த சாம்பலுக்கு அரபியில் 'கலீ' என்று பெயர். 'கலா' என்றால் வறுத்தான். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சோடியங் காபனேற்று. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் கல்சியங் காபனேற்று வெண்மையாக அடியில் படியும். மேலே நிற்கும் தெளிநீரில் சோடியமைதரொட்சைட்டு. கையில் பட்டால் வழுவழுக்கும், கொஞ்ச நேரத்தில் தோலை அரிக்கும். 865இல் ரையில் பிறந்த அபூபக்ர் அர்ராஸி தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் இந்த வகைக் 'கூர்மையான நீர்களை'ச் செய்யும் விதங்களைச் சொல்கிறார். மந்திரமோ பூடகமோ அதில் குறைவு. முதலில் பொருட்கள், பிறகு கருவிகள், பிறகு செய்முறை. இன்றைய ஆய்வுகூடக் கொப்பியைத் திறந்தமாதிரி இருக்கும். யூலியஸ் ருஸ்கா 1937இல் அதை ஜெர்மன் மொழியில் தந்தார்.

ராஸி கனிமங்களை ஆறாகப் பிரித்தார்: ஆவிகள், உலோகங்கள், கற்கள், துத்தங்கள், வெண்காரங்கள், உப்புக்கள். கலீயையும் சுண்ணாம்பையும் அவர் உப்புக்களோடுதான் வைத்தார். இன்று ஓ.எல். மாணவன் அப்படி எழுதினால் புள்ளி கிடைக்காது. கரைந்து ஒரு சுவை தருவதெல்லாம் அன்று உப்பு. புளிப்பு என்றால் பெரும்பாலும் வினாகிரிதான். அமிலத்தோடு சேர்ந்து உப்பைத் தருவது 'மூலம்' என்ற வகுப்பு, 1754இல் பிரான்சின் ரூவெல் சொன்ன பிறகே நிலைபெற்றது. ஆக, இரசாயனம் ஒரே நாளில் ஒரே தலையில் இறங்கியதல்ல. ராஸி அடுக்கிய அலுமாரியைப் பின்னால் வந்தவர்கள் பிரித்துப் பிரித்து மாற்றி அடுக்கினார்கள்.

'அல்கலீ' லத்தீனுக்குப் போய் அல்கலி ஆயிற்று. 1807இல் ஹம்பிரி டேவி சாம்பற்காரத்தில் மின்னைச் செலுத்தி ஓர் உலோகத்தைப் பிரித்தார். ஆங்கிலத்தில் அது பொற்றாசியம். ஜெர்மன்காரர் அதைக் 'காலியம்' என்றார்கள். அதனால்தான் பொற்றாசியத்தின் குறியீடு 'கே'.

சாம்பலின் கதை ஆய்வுகூடத்தோடு நிற்கவில்லை. பலஸ்தீனத்து நாப்லுஸில் ஒலிவெண்ணெயையும் சுண்ணாம்பையும் இந்தச் சாம்பலையும் கொண்டு சவர்க்காரம் காய்ச்சினார்கள். யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே பதவிகள் செடியை வெட்டி எரித்து, சாம்பலை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அங்கே அதற்குக் 'கில்வ்' என்று பெயர். காரம் எண்ணெயை உடைக்க, அதிலுள்ள கொழுப்பமிலத்தின் உப்பாக உறைவதுதான் சவர்க்காரம். நாட்கணக்காகக் கிளறி, தரையில் ஊற்றி ஆறவைத்து, கட்டிகளாக வெட்டி, முத்திரை குத்தி, காற்றுப் புகும்படி கோபுரம்போல அடுக்கிக் காயவைப்பார்கள்.